ஆள் இருக்கிறார்

அப்பாவுக்கு அனுப்பிய சம்மன் இரண்டாம் முறையும் திரும்பி வந்த அன்று, குமாஸ்தா அந்தக் கவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்தில் நீல மையில் நான்கு வரி எழுதியிருந்தது. அப்பா இருக்கும் மாநிலத்தின் மொழி. எங்கள் அலுவலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"கதவு பூட்டிக் கிடக்குன்னு எழுதியிருப்பான்," என்றார் குமாஸ்தா. "போன தடவையும் இதேதான்."

"படிக்கத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா என்ன? முப்பது வருஷ சர்வீஸ். கவரைத் தொட்டாலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவேன். கோந்து, இதைக் கட்டுல வெச்சுக் கட்டு. இன்னொரு வாய்தா வாங்கிக்கலாம்."

கோந்து என்பது நான்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு வக்கீலம்மாவின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கவர் ஒட்டுவது, நகல் எடுப்பது, வழக்குக் கட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குவது. நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். உதட்டில் கோந்து தடவியிருக்கிறாளா என்று குமாஸ்தா முதல் வாரமே கேட்டார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கட்டு எங்கள் வீட்டுக் கட்டு. மனுதாரர் அம்மா, எதிர்மனுதாரர் அப்பா. அம்மாவுக்கு விவாகரத்து வேண்டும். அப்பா தரைக்கு ஓடு பதிக்கும் வேலைக்காரர். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது வெளிமாநிலத்தில் பெரிய கட்டட வேலை என்று போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவர் போன வருடம் ஊர் திரும்பியபோது ஒரு முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மடித்து வக்கீலம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வேலை செய்வது ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில். துவைத்த போர்வைகளைத் தள்ளுவண்டியில் வைத்து நான்கு மாடிக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த லிஃப்ட்டை ஓட்டுபவரைத்தான் அம்மா கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். நான்கு வருடமாகக் காத்திருக்கிறார். மனைவி இறந்து, பிள்ளை இல்லாமல், ஒரு டிபன் கேரியரோடு வாழ்கிற மனிதர். அவரை ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் புது ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். வருடக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் வழக்கு முடிந்தால் பதிவுக் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார். என்னையும்தான்.

அப்பாவிடம் நோட்டீஸ் சேர வேண்டும், அல்லது சேர்க்க வழியே இல்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இரண்டில் எது நடந்தாலும் சரிதான். எனக்கு மட்டும் அது அப்பா கையில் போய்ச் சேர வேண்டும். கையில் வாங்கியவர் சொன்ன தேதியில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. வந்தால் நான் பார்ப்பேன். எனக்கு அவருடைய முகம் சரியாக நினைவில்லை. முதுகு நினைவிருக்கிறது. குந்தி உட்கார்ந்து, பதித்த ஓட்டை விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். "இதுக்குள்ள காத்து இருக்குடா, எடுத்துருவோம்," என்று என்னிடம் சொல்வார். நானும் தட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டுவேன்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு மெத்தைக் கடை. கடைக்காரர் அப்பா இருக்கும் மாநிலத்தைச் சேர்ந்தவர். இங்கே வந்து இருபது வருடமாகிறது. வாடிக்கையாளர்களோடு பேரம் பேசியே எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டவர். கவரை நகல் எடுத்துத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்தக் கடையைத் தாண்டித் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, மெத்தை வேணுமா, இல்ல நடந்து நடந்து என் தரையைத் தேய்க்கறியா?"

நகலை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். சிரித்தார்.

"யாரு பூட்டிக் கிடக்குன்னு சொன்னது? பூட்டும் இல்ல, சாவியும் இல்ல. 'உங்க பேப்பர் எங்க மொழியில இல்லை. மொழிபெயர்த்து, சேர்த்து அனுப்பவும்.' அவ்வளவுதான் எழுதியிருக்கான் அந்த ஊர் கோர்ட் ஆளு. கீழ இன்னொரு வரி. 'நேரில் போய் விசாரித்தேன். வீடு இருக்கிறது. ஆள் இருக்கிறார்.'"

"கடைசி வரியைத் திரும்பப் படிக்கிறீங்களா?"

"ஆள் இருக்கிறார்."

அன்று மாடிப்படி ஏறும்போது கால் தரையில் படவில்லை. கடிதம் நின்றுபோன பதினோரு வருடத்தில், அப்பா இருக்கிறார் என்று உறுதியாக வந்த முதல் செய்தி அது. முகம் தெரியாத ஒரு சிப்பந்தி வெயிலில் நடந்து போய், ஒரு கதவைத் தட்டி, அப்பாவைத் தன் கண்ணால் பார்த்து எழுதியது.

குமாஸ்தாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். போன தடவை வந்த கவரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வரிகள். நான்கு மாதமாக அதைக் கட்டுக்குள் கட்டி வைத்திருந்தோம்.

"கோந்து, மேடம்கிட்ட நீ வாயைத் திறக்காத."

"நான் எப்ப சார் திறந்திருக்கேன்?"

"அதுவும் சரிதான்." உள்ளே போனார். கதவு வழியாகக் கேட்டது. "மேடம், அந்த மாநிலத்துல புதுசா ஒரு ரூல் போட்டிருக்காங்க..."

மொழி தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, சரிதான் என்று உறுதி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று தெரிந்ததும் மெத்தைக்காரரிடமே மனு போனது. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, தலையணை வாங்க வருகிறவர்களுக்கு நடுவே எழுதினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். ஆறாவது பத்தியில் பேனாவை நிறுத்தினார்.

"'மனுதாரரையும் குழந்தையையும் கைவிட்டுச் சென்றார்'னு இருக்கு. எங்க மொழியில இதுக்கு ரெண்டு விதமா எழுதலாம். வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டார்ங்கற மாதிரி ஒண்ணு. கூட்டத்துல போகும்போது பிடிச்சிருந்த கை நழுவிப் போற மாதிரி இன்னொண்ணு. எதைப் போடட்டும்?"

வக்கீலம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். "ரெண்டாவது," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். அந்தக் குழந்தை யார் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கலாம். கேட்கவில்லை.

இந்த முறை நீதிமன்றம், பதிவுத் தபாலில் நாங்களே நேராக நோட்டீஸ் அனுப்பவும் அனுமதி கொடுத்தது. கவரில் முகவரியை நான்தான் எழுதினேன். எங்கள் மொழியில் ஒரு முறை, மெத்தைக்காரர் எழுதிக் காட்டியதைப் பார்த்து அவர்கள் மொழியில் ஒரு முறை. பிறகு ஏ.டி. கார்டு. பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டதும், அனுப்பியவருக்கே திரும்பி வரும் சின்ன அட்டை. அது வந்தால்தான் நோட்டீஸ் சேர்ந்ததற்குச் சாட்சி. நீதிமன்றத்தில் அதைத்தான் காட்ட வேண்டும். திரும்பி வர வேண்டிய முகவரிக்கு வக்கீலம்மாவின் ரப்பர் ஸ்டாம்பை அடிப்பது வழக்கம். ஆயிரம் கார்டுகளில் அடித்திருக்கிறேன். அன்று ஸ்டாம்ப் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்தது. நான் பேனாவால் எங்கள் வீட்டு முகவரியை எழுதினேன். அப்பாவின் கை பட்ட ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்கு வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. குமாஸ்தா போனில் யாருக்கோ தேதி சொல்லிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது கார்டு கதவுக்கு அடியில் கிடந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கார்டின் ஓரம் மழையில் நனைந்து காய்ந்து நெளிந்திருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் அந்த மொழியில் ஒரு பெயர். பக்கத்தில் வேறு மையில் சின்னதாக இன்னொரு வார்த்தை. அப்பா அந்த ஊர் எழுத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்து, அவர் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி நகர்த்திப் பார்த்தேன். பேனாவை அழுத்தாமல் எழுதியிருந்தார். சாப்பிட மறந்துபோய் அலுவலகத்துக்குத் திரும்பினேன். நேராக மெத்தைக் கடைக்குத்தான்.

மெத்தைக்காரர் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார்.

"இது ஆம்பளை பேரு இல்லம்மா. ஒரு பொண்ணு வாங்கியிருக்கு."

"பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"அது தபால்காரர் எழுதினது. வாங்கினவங்க என்ன உறவுன்னு எழுதுவாங்க இல்ல? 'மகள்'னு எழுதியிருக்கு."

கடையில் ஒரு அம்மாள் தலையணையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு நிறைய வைத்திருக்கிறதா என்று கேட்டார். இவர் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்வரை நின்றேன்.

"எத்தனை வயசு இருக்கும்?"

"கையெழுத்துல வயசு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைகிட்ட பதிவுத் தபால் குடுக்க மாட்டான். பதினெட்டு, இருபது இருக்கணும். நல்லாப் படிச்ச பொண்ணு. காலேஜ் பொண்ணு மாதிரி எழுதியிருக்கு பாரு."

அப்பா போய்ப் பதின்மூன்று வருடம். அப்படியென்றால் அவள் அங்கே முன்பே இருந்தவள். யாருக்கோ பிறந்து, அப்பா போய்ச் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவள். என் வயது. தபால்காரர் கேட்டிருப்பார், அவருக்கு நீ என்ன வேணும் என்று. அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

கார்டை நான் குமாஸ்தாவிடம் கொடுக்கவில்லை. பாவாடை மடிப்புகளுக்கு நடுவே பெட்டியில் வைத்தேன். கொடுத்தால் நோட்டீஸ் சேர்ந்துவிட்டது என்று கணக்காகிவிடும். அப்பா வராவிட்டாலும் வழக்கு முடியும். கொடுக்காவிட்டால் இன்னொரு நோட்டீஸ் போகும். அது போகிற அன்று அப்பா வீட்டில் இருக்கலாம். அவரே கதவைத் திறக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவுத் தபால் வராது என்பதை நினைத்து எரிச்சலாக வந்தது.

ஒன்பது நாள் கழித்து வாய்தா. வராந்தாவில் ஜனம் நெருக்கியடித்தது. அம்மா தோய்த்து மடித்த நீலச் சேலையில் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மாடிப்படிக்கு நேரே சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒவ்வொரு ஆணையும் பார்த்தேன். முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று முழங்காலைப் பார்த்தேன். தரை வேலைக்காரர்கள் படி ஏறும்போது முழங்காலைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் அப்படித்தான் ஏறி வந்தார். எனக்கு நேராக வந்து நின்றார்.

"பாப்பா, சைக்கிள் திருட்டு கேஸ் எந்த ரூம்ல?"

கையைக் காட்டினேன்.

பதினொன்றரைக்கு எங்கள் வழக்கை எடுத்தார்கள். "ஏ.டி. கார்டு இன்னும் வரலைங்க," என்று வக்கீலம்மா சொன்னார். நீதிபதி ஏழு வாரம் தள்ளி வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். லிஃப்ட்காரர் எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு?"

"வாய்தா. ஏழு வாரம்."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டது தெரிந்தது. வருடக் கடைசிக்கு எட்டு வாரம் இருந்தது.

"பரவாயில்ல, அதுக்கப்புறமும் ஒரு வாரம் இருக்கு," என்றார். "நாலு வருஷமா உங்களை மேல ஏத்தி கீழ இறக்கிட்டு இருக்கேன். இன்னும் ஏழு வாரம் ஏத்த மாட்டேனா?"

"மறுபடியும் கார்டு வரலைன்னா?"

"அப்ப மட்டும் நான் முதல்ல போவேன். நீங்க பின்னாடி படிக்கட்டுல ஏறி வாங்க." சிரிக்கத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த ஆள் இல்லவே இல்லைன்னு எழுதி வந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்டி. எங்கேயோ செத்துப் போயிட்டார்னு நினைச்சுக்கிட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். இருக்கார்னு தெரிஞ்சப்புறம், தினம் பஸ்ல ஏறும்போது இறங்கும்போது தேடறேன். புத்தி கெட்டுப் போச்சு."

பெட்டி அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வாய் வரை வந்தது. கோந்துதான்.

மறுநாள் குமாஸ்தா புதுக் கவரை என் முன்னால் போட்டார். "எழுது. இந்தத் தடவை நானே தபால் ஆபீஸுக்குப் போய்ப் போட்டுட்டு வரேன்."

அப்பாவின் பெயரை எழுதினேன். கதவு எண் எழுதினேன். தெரு எழுதும்போது கை நின்றது. அந்தத் தெருவில், அந்தக் கதவில் அந்தப் பெண் கவரை வாங்கியிருக்கிறாள். வாங்கியவள் சாயங்காலம் கொடுத்திருப்பாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து பிரித்திருப்பார். எங்கள் மொழியில் ஒன்று, அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டும் இருந்தன. தேதி இருந்தது. நேரம், காலை பத்தரை என்று இருந்தது. நேற்றுத்தான் அந்தத் தேதி.

கார்டு வராததால் நோட்டீஸே சேரவில்லை என்று நீதிமன்றம் நினைத்தது. வக்கீலம்மா நினைத்தார். அம்மா நினைத்தாள். அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரியும். ரயிலில் இடம் கிடைக்காமல் இருந்திருக்கலாம். காய்ச்சலாக இருந்திருக்கலாம். ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்று நினைத்தபோது, எழுதிக்கொண்டிருந்த முகவரியில் கண்ணீர் விழுந்து மை ஊறியது.

மத்தியானம் வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்து வந்து குமாஸ்தாவின் மேஜையில் வைத்தேன்.

புரட்டிப் பார்த்தார். அனுப்புநர் முகவரியைப் பார்த்தார். முத்திரைத் தேதியைப் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"வாய்தாவுக்கு ஒன்பது நாள் முன்னாடி."

"ஸ்டாம்ப் அடிக்கலையா நீ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

வெகு நேரம் காதைக் குடைந்துகொண்டிருந்தார். "சரி. தபால் ஆபீஸ்ல மாட்டிக்கிச்சுன்னு மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன். என் கதையை விடவா உன் கதை பெருசு?"

"வேண்டாம் சார். நானே சொல்றேன்."

"நீயா?"

வக்கீலம்மாவிடம் நானே சொன்னேன். நான்கு வாக்கியம். திட்டினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நேராக்கிக் கொடுத்தேன்.

"யாரு போட்டது?"

"மகள்னு எழுதியிருக்கும்மா. என் வயசு இருக்கும்னு சொல்றாங்க."

அம்மா கையை ஓங்கவில்லை. அடிப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இதை வெச்சுக்கிட்டா பத்து நாளா நீ என்கூட உக்காந்து சாப்பிட்டே?" என்றாள். "தனியாவா?"

ஏழு வாரம் கழித்து அதே வராந்தா. கார்டு வழக்குக் கட்டுக்குள் சேர்ந்துவிட்டது. நோட்டீஸ் சேர்ந்த எதிர்மனுதாரர் வராவிட்டால் அவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம். அதற்கு முன்னால் பெயரை வெளியே மூன்று முறை கூப்பிட வேண்டும். அது வழக்கம். சிவப்புப் பட்டை போட்ட டவாலி வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

அப்பாவின் பெயரைக் கவர்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டில் 'அந்த ஆள்'தான். டவாலி வராந்தா முழுக்கக் கேட்கும்படி, அப்பாவின் அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார். பீடி பற்ற வைக்கப் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு அவர் உடனே உள்ளே போகவில்லை. வயதான மனிதர். படிப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஐந்து நிமிடத்தில் குமாஸ்தா வெளியே வந்தார். "முடிஞ்ச மாதிரிதான். நாளன்னிக்கு உங்கம்மா கூண்டுல ஏறி நாலு வரி சொல்லணும். வருஷக் கடைசிக்குள்ள கையில ஆர்டர் வந்துரும். போங்க, போய் அவர்கிட்ட சொல்லுங்க."

அம்மா தலையை ஆட்டினாள். எழுந்திருக்கவில்லை.

"போலாமாம்மா?"

"இரு. இப்ப பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்கும்."

அந்த நேரத்தில் பஸ்ஸில் கூட்டமே இருக்காது. நான் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஆட்கள் எழுந்து உள்ளே போனார்கள், வந்தார்கள். நீதிமன்றம் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலையும்வரை நாங்கள் இருவரும் படியைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.